அப்பாவின் கமிட்டி, மகளின் கமிட்டி

செஞ்சியில் ‘கமிட்டி’ என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே இடம்தான் ஞாபகத்துக்கு வரும். நெல் குவியல்களும் மூட்டைகளும் தரை தெரியாமல் நிறைந்திருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். மார்க்கெட் கமிட்டி என்பது காலப்போக்கில் தேய்ந்து வெறும் கமிட்டி ஆகிவிட்டது. அறுவடை நாட்களில் விடியும் முன்பே டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டிவிடும். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகக் கைவிட்டு அள்ளிப் பார்ப்பார்கள். நாலு நெல்லை உள்ளங்கையில் தேய்ப்பார்கள், ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார்கள். அப்புறம்தான் விலை.

அந்தக் கமிட்டியில் நெல் போட்ட காசில்தான் அவள் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., எம்.ஏ. முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். ஊர், செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி.

“அடுத்த மாசம் எனக்கு கமிட்டி இருக்குப்பா” என்று அவள் முதல் தடவை சொன்னபோது, அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“உனக்கு இன்னாம்மா அங்க வேலை? நான் பாத்துக்க மாட்டேனா?”

அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். பிஎச்.டி. செய்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பேராசிரியர்கள் அடங்கிய ஓர் ஆய்வுக் குழு இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். என்ன படித்தாய், என்ன எழுதினாய் என்று கேட்பார்கள்.

“அப்ப உன்னையும் கைவிட்டு அள்ளிப் பாப்பாங்கன்னு சொல்லு” என்றார் அப்பா.

அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் அந்தக் குழுவை அவளுக்கு விளக்கியதில்லை.

அவள் எடுத்திருந்த தலைப்பு, கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1972-ல் எழுதிய ‘சர்ஃபேசிங்’ நாவலையும் இயற்கையையும் பற்றியது. காணாமல்போன அப்பாவைத் தேடி, தான் வளர்ந்த ஏரித் தீவுக்கு ஒரு பெண் திரும்பிப் போகிற கதை. நகரத்துக்குப் போய் மொழியும் பழக்கமும் மாறிவிட்ட ஒரு மகள், சொந்த ஊரில் அந்நியமாக நிற்கிறாள். நல்ல நாவல். அந்தத் தலைப்பை அவள் ஏன் எடுத்தாள் என்றால், அதற்கு நூலகத்தில் நிறைய மேற்கோள் கிடைத்தது. வேறு பெரிய காரணம் ஏதுமில்லை. ‘இன்னாம்மா படிக்கிற அங்க?’ என்று அப்பா கேட்கும்போதெல்லாம், ‘கனடா நாவல்பா’ என்பாள். அவர் ‘சரி’ என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கல்லூரிகளில் கருத்தரங்கு சீசன். நிதியாண்டு முடிவதற்குள் நடத்தியாக வேண்டும். ஆங்கிலத் துறை என்றால் ‘சர்வதேச’ என்ற சொல் அழைப்பிதழில் கட்டாயம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆன்லைனில் பத்து நிமிடம் பேசினாலும் அது சர்வதேசம்தான். 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. அப்போதிலிருந்து கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு என்றாகிவிட்டது. கணக்கு வந்த இடத்தில் கூட்டமும் வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆனாலும் பழக்கம் போகவில்லை. ‘மூன்றே நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று பெயர் தெரியாத இதழ்களிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் இன்றும் ஆய்வு மாணவர்களின் இன்பாக்ஸில் குவிகின்றன. கடன் வாங்கி அதற்குப் பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு. பதிவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். அப்பா கொடுத்தார். திண்டிவனம் போய் பஸ் மாறிப் போனாள்.

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை என்று பதினோரு மணி ஆகிவிட்டது. ஒரு பை, ஒரு பேனா, ஒரு நோட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு அறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள். அவளுடைய அறையில் மட்டும் பதினான்கு பேர் கட்டுரை வாசிக்க வேண்டும். ஒருவருக்கு ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் மணி அடிப்பார்கள். வாசித்து முடித்தவர்கள் சான்றிதழ் வாங்க வரிசைக்குப் போய்விட, அவளுடைய முறை வந்தபோது அறையில் ஆறு பேர் மிச்சம். அதில் இருவர் அவளுக்கு அடுத்து வாசிக்க வேண்டியவர்கள்.

இதையெல்லாம் கேலி செய்வது சுலபம். ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருத்தி, மைக் முன்னால் நின்று, ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசுவதற்கு அந்த அறையைவிட்டால் வேறு இடம் எங்கே இருக்கிறது? அவள் அன்று நடுங்கிக்கொண்டேதான் ஆரம்பித்தாள். தடுமாறாமல் முடித்தாள்.

அமர்வுத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். மதியத்திலிருந்து எல்லோருக்கும் ‘நல்லா இருந்தது’ மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், இவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“நாவல்ல காணாமப் போன அந்த அப்பா, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தார்?”

“அந்தப் பகுதியில இருந்த பழங்குடி மக்களோட பாறை ஓவியங்களைத் தேடிப் பார்த்து வரைஞ்சிட்டிருந்தார் சார்.”

“நீங்க எந்த ஊரு?”

“செஞ்சி.”

“செஞ்சிப் பக்கம் செத்தவரையில பாறை ஓவியம் இருக்கு. கீழ்வாலையில இருக்கு. பாத்திருக்கீங்களா?”

அவள் பார்த்ததில்லை. இருப்பதே தெரியாது.

“பரவாயில்ல. இந்தக் கட்டுரையை எழுதும்போது உங்களுக்குப் புரியாம இருந்தது எது? அதை மட்டும் சொல்லுங்க.”

இதற்குத்தான் பதில் இல்லை. எல்லாம் புரிந்திருந்தது. ஏனென்றால் எல்லாமே வேறு யாரோ ஏற்கெனவே எழுதியது. மணி அடித்துவிட்டார்கள். அவர் ‘நல்லா இருந்தது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

சாயங்காலம் தோழிகளோடு கடற்கரைச் சாலைக்குப் போனாள். காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா? ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களும் செல்ஃபி எடுக்கிறவர்களும் சாய்ந்து நிற்கும் தூண்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அது அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலிலிருந்து பெயர்த்து வந்த தூண்கள் என்பார்கள். ஒரு தோழி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. “உங்க ஊர்க் கல்லுடி” என்றாள் அந்தத் தோழி, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே.

உங்க ஊர். இரண்டு மணி நேர பஸ் பயணம் முழுக்க அந்தச் சொல் கூடவே வந்தது. கனடாவின் ஏரித் தீவு தெரியும். செத்தவரை தெரியாது.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாள். செஞ்சியைப் பற்றி எனக்கு என்ன புரியவில்லை? பாறை ஓவியத்தில் சொல் கிடையாது, அவளோ சொல்லைப் படிப்பவள். கோட்டையின் வரலாற்றை எழுத வரலாற்றுத் துறை இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் சி.எஸ்.சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாற்றை அந்தப் பல்கலைக்கழகமே 1943-ல் வெளியிட்டிருக்கிறது. நூலகத்தில் இருந்த அந்தத் தடிமனான புத்தகத்தை எடுத்து வந்து படித்தாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. செஞ்சியை ஆண்டவர்களில் தேசிங்கு என்கிற தேஜ்சிங் ஒரு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. அப்பா சொரூப்சிங் இறந்ததும் பொறுப்புக்கு வந்தான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். 1714-ல் போரில் செத்தான். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த குடும்பம். தமிழ் எவ்வளவு பேசியிருப்பானோ! சிவாஜி 1677-ல் இதே கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முகலாயப் படையைத் தாக்குப்பிடித்தார். கோட்டை 1698-ல்தான் விழுந்தது. அவர்களைப் பற்றியெல்லாம் கிராமத்தில் பாட்டு இல்லை. தோற்றுச் செத்த இந்தப் பையனுக்குத்தான் பாட்டு இருக்கிறது. நீலவேணி என்ற குதிரைக்கும், கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு வந்த அவனுடைய முஸ்லிம் நண்பனுக்கும், உடன்கட்டை ஏறிய அவன் மனைவிக்கும் அந்தப் பாட்டில் இடம் இருக்கிறது. இராணிப்பேட்டைக்குப் பெயர் வந்ததே அந்தப் பெண்ணால்தான் என்பார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ படமும் வந்தது.

ஏன் இவன்? இது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். “மேடம், தலைப்பை மாத்தணும்.”

மேடம் திட்டவில்லை. ஒரு கதை சொன்னார். ஏ.கே.ராமானுஜன் ஆங்கிலம் படித்தவர், ஆங்கிலம் கற்பித்தவர். மைசூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடிப்போனவர் கையில், உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சங்கப் பாடல் தொகுப்பு கிடைத்தது. அந்தக் கவிதைகளை உலகமே ஆங்கிலத்தில் படித்ததற்கு ஆரம்பம் அங்கேதான். “அவருக்கு சிகாகோ போக வேண்டியிருந்தது. நீ செஞ்சிக்குப் போனா போதும். ஆனா கமிட்டி ஒத்துக்கணும். காரணத்தை ஒரு பக்கத்துல எழுதிட்டு வா.”

அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று மாதம் ஆயிற்று. இதுவரை எழுதிய இருபது பக்கக் கட்டுரைகள் எதற்கும் அவ்வளவு நாள் ஆனதில்லை.

இதற்கிடையில் ஊரே கொண்டாடிய செய்தி வந்தது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸ் கூட்டத்தில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ‘மராட்டியர் ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் மொத்தம் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவர், “நம்ம தேசிங்கு கோட்டைக்கு உலக அந்தஸ்து” என்றார். அறிவித்தவர்கள் பட்டியலில் அது மராட்டியர் கோட்டை. அந்நாளைய வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரோ ‘கிழக்கின் ட்ராய்’. ஒரே மலை, மூன்று பேர்கள். அவளுடைய ஒரு பக்கம் அந்த இடத்தில் தானாகவே எழுந்து நின்றது.

ஆகஸ்டில் கமிட்டி.

வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். “இது தமிழ்த் துறை செய்ய வேண்டிய வேலை. இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல எதுக்கு?”

அவளுக்குத் தொண்டை வறண்டது. “சார், நம்ம சிலபஸ்ல ஹோமர் இருக்கார். அவரை நாம எந்த மொழியில படிக்கிறோம்?”

அறையில் யாரும் பேசவில்லை. மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கிலீஷ்ல” என்று அவளே தொடர்ந்தாள். “கிரேக்கத் துறை செய்யட்டும்னு யாரும் விடல. ட்ராய் கதையைப் படிச்சவங்கதான் செஞ்சியைப் பார்த்து கிழக்கின் ட்ராய்னு சொன்னாங்க. அங்கேயும் கோட்டை, குதிரை, பாட்டு. அந்த ட்ராயோட பாட்டை நூறு வருஷமா படிக்கிறோம். இந்த ட்ராயோட பாட்டை இங்கிலீஷுக்குக் கொண்டு வரணும். ராபர்ட் ஓர்ம் எழுதின போர் வரலாற்றுல, 1750-ல பிரெஞ்சுக்காரங்க எப்படிக் கோட்டை மேல ஏறினாங்கன்னு விவரமா இருக்கு. அது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலீஷ் உரைநடை. அதையும் இந்தப் பாட்டையும் பக்கத்துல வெச்சுப் படிக்கணும். எது எதை மறந்துச்சுன்னு பாக்கணும்.”

உறுப்பினர் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுவிடவில்லை. அவர் அடுத்து கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. “ஹோமருக்கு நல்ல பதிப்பு இருக்கும்மா. உன்கிட்ட என்ன இருக்கு? பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை புத்தகமா? அது கடையில கிடைக்கும். அதை மொழிபெயர்க்க பிஎச்.டி. வேண்டாம். வாயால பாடுறவங்க யாரையாவது பிடிச்சிருக்கியா?”

இல்லை.

நியாயமான கேள்வி. கைவிட்டு அள்ளிப் பார்த்தால் பதர் தெரியத்தான் செய்யும். ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். வாய்மொழியாக ஒரு வடிவத்தையாவது பதிவு செய்து, ஒரு பகுதியை மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கனடாவுக்கே திரும்பிவிட வேண்டும்.

அவள் ஊர் ஊராகப் போனாள். சனி, ஞாயிறுகளில் தம்பியின் பைக்கில். ‘அவரா, அவரு போய் பத்து வருஷம் ஆச்சே’ என்பதுதான் பெரும்பாலான ஊர்களில் பதில். ஓர் ஊரில் ஒரு பாட்டி கதையை அழகாகச் சொன்னார். கேட்கக் கேட்க அது எம்.ஜி.ஆர். படக் கதையாக இருந்தது. இன்னொரு ஊரில் ஒரு பெரியவர் நாலு வரி பாடிவிட்டு, ‘மிச்சம் மறந்துபோச்சு கண்ணு’ என்று கண் கலங்கினார். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் வர முடிந்தது. நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. நோட்டில் மொத்தம் பதினேழு வரிகள்.

மொழிபெயர்ப்பும் நகரவில்லை. நீலவேணி என்ற ஒரு பெயரிலேயே இரண்டு நாள் போனது. நீலம் சரி. வேணி என்றால் சடை. கருநீலப் பிடரிமயிர் சடைபோல விழும் குதிரை என்று ஆங்கிலத்தில் விளக்கினால் விளக்கம் வருகிறது, குதிரை வரவில்லை. பெயரை அப்படியே விட்டுவிட்டால் படிக்கிறவருக்கு அது வெறும் சத்தம். அகராதியை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஜனவரியில் பொங்கல் முடிந்து சம்பா நெல் வந்தது. அப்பாவுக்கு முதுகுவலி. துணைக்கு அவளும் கமிட்டிக்குப் போனாள். விலை போட்டாகிவிட்டது. எடைக்குக் காத்திருக்க வேண்டும். முன்னால் முப்பது நாற்பது பேர். அப்பா மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவள் அதே மூட்டையின் மறுபக்கம் சாய்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வெயிலில் ராஜகிரி மலை.

“இன்னாம்மா எழுதற, கனடாவா?”

“இல்லப்பா. தேசிங்கு பாட்டு. பாடுறவங்க யாரும் கிடைக்கல.”

“தேசிங்கு பாட்டா?” அப்பா திரும்பிப் பார்த்தார். “எங்க தாத்தா பாடுவாரே. ராத்திரி ராத்திரி உக்காந்து விதைக்கு மல்லாட்டை உரிப்போம். தூக்கம் வரக் கூடாதுன்னு பாடுவாரு. குதிரை வர்ற கட்டம் வந்தா நாங்க மல்லாட்டையை விட்டுட்டு வாயப் பொளந்துக்கினு கேப்போம். அடி விழும்.”

அவளுக்குப் பேச்சு வரவில்லை. அஞ்சு மாதமாக இருபது கிராமம். ஒரு தடவைகூட அப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

“உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“முழுசா தெரியாது. அங்கங்க விட்டுப்போயிருக்கும்.”

“நீங்க ஏன் சொல்லவே இல்ல?”

“நீ இங்கிலீஷு படிக்கற. இதைப் போயி உங்கிட்ட இன்னா சொல்றது?”

அவள் செல்போனை எடுத்து, ரெக்கார்டரை ஆன் செய்து, மூட்டைமேல் வைத்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். சுற்றுமுற்றும் பார்த்தார். வெட்கம். பக்கத்து மூட்டைக்காரர், “பாடு மாமா, நாங்களும் கேக்கறோம்” என்றார். அப்பா மெதுவாக ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் குரல் ஏறியது. அச்சுப் புத்தகத்தில் இல்லாத ஒரு சொல் வந்தது, இன்னொன்று வந்தது. நீலவேணி என்று அவர் சொல்லவில்லை. ‘நீலேணி’ என்றார். குதிரை ஓடுகிற வேகத்தில் நடுவில் இருந்த எழுத்து உதிர்ந்துபோயிருந்தது. அவள் அதை அப்படியே நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டாள்.

தராசுப் பக்கமிருந்து யாரோ அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் பாதி அடியில் நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மீதி?”

“எடை போட்டுட்டு வந்து பாடறேன். அதை ஆஃப் பண்ணிடாத, இரு.”